எண்ணிக்கை 60 சரியா இருக்கு, ஆனா குரோஷா வட்டம் தரையில படிய மாட்டேங்குது

நெல்லைப் பின்னல் கேட்டது:

அக்காமார், அம்மாமார் எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிக்கேன். வழி சொல்லுங்க.

வர்ற ஆவணியில எங்க மதினிக்கு வளைகாப்பு. சீர்த்தட்டு ஏழு. வளையல், பழம், பூ, மஞ்சள் குங்குமம்னு ஒவ்வொரு தாம்பாளத்துலயும் அடியில விரிக்க நானே குரோஷாவுல (கொக்கி ஊசிப் பின்னல்) வட்ட விரிப்பு போட்டுத் தர்றேன்னு வீட்டுல சொல்லிட்டேன். கடையில தங்கக் கலர் பேப்பர் விரிப்பு கிடைக்கும்தான். ஆனா நான் பிளஸ் டூ படிக்கிறப்ப ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கூட உட்கார்ந்து டீ போட்டுக் குடுத்தது மதினிதான். அவங்களுக்கு என் கையால ஏதாவது செய்யணும்.

நூல் 4 பிளை காட்டன், கிரீம் கலர். ஊசி 2.5 மி.மீ. ஒவ்வொரு விரிப்பும் 30 செ.மீ. வரணும். நெட்ல இருந்து இலவசமா ஒரு பேட்டர்ன் எடுத்தேன், இங்கிலீஷ்ல இருக்கு. முதல் சுற்று 3 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு, வளையத்துக்குள்ள 11 டபுள் குரோஷா, ஆக 12. ரெண்டாவது சுற்று எல்லாக் கண்ணியிலயும் ரெண்டு ரெண்டு, 24. மூணாவதுல ஒண்ணு விட்டு ஒண்ணுல ரெண்டு, 36. அப்புறம் 48, 60. ஒவ்வொரு சுற்றும் முடிச்சு நாலு தடவை எண்ணிட்டேன். கணக்கு டாண்ணு இருக்கு.

ஆனா மூணாவது சுற்றுலயே ஓரம் அலை அடிக்க ஆரம்பிச்சிருது. அஞ்சாவது சுற்றுல ஃப்ரில் வச்ச பாவாடை மாதிரி நிக்குது. கையால அமுக்கினா ஒரு பக்கம் படியுது, மறு பக்கம் எந்திரிக்குது. இன்னொண்ணு, ஒவ்வொரு சுற்று ஆரம்பத்துலயும் அந்த 3 செயின் மட்டும் காது மாதிரி துருத்திக்கிட்டு, பக்கத்துல ஒரு ஓட்டை விழுது. மூணு தடவை பிரிச்சுப் போட்டுட்டேன், நூலே பஞ்சு பஞ்சா ஆயிருச்சு.

எனக்குப் பன்னெண்டு வயசுல பின்னக் கத்துக் குடுத்தது எங்க ஆச்சி. அவ சின்ன வயசுல கான்வென்ட்ல ஒரு சிஸ்டர்கிட்ட கத்துக்கிட்டவ. இப்ப அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தடவிப் பார்த்துட்டு, "கை இறுக்கம்ட்டீ"ன்னு சொல்லுதா.

கூடவே இன்னொரு சந்தேகம். ஆஸ்பத்திரியில ஏசி ரூம்ல மதினி போத்திக்கிறதுக்கு அக்ரிலிக் உல்லன்ல ஒரு ஸ்டோல் ஆரம்பிச்சேன். ஆச்சி சொல்லிக்குடுத்த நீளக் கண்ணிதான், வரிசைக்கு 90. இப்ப 24 வரிசை ஆச்சு. எண்ணினா 78 இருக்கு! மேல போகப் போக முறம் மாதிரி குறுகுது. எங்கே போச்சு 12 கண்ணி?


கோவைக் கொக்கி பதில்:

வணக்கமுங்க. மொதல்ல ஸ்டோல் விஷயத்தைச் சொல்லிடறேன், ஏன்னா நான் போட்ட மொத மூணு ஸ்டோலும் இதே மாதிரி குறுகிப் போச்சு.

நீளக் கண்ணி வரிசை திரும்பறப்ப 3 செயின் போடறீங்கல்ல, அது வெறும் ஏணி இல்லைங்க, அதுவே அந்த வரிசையோட முதல் கண்ணி. அதனால அடுத்த வரிசை முடியறப்ப, கடைசிக் கண்ணியை அந்த 3 செயினோட தலையில, அதாவது மூணாவது செயின்ல குத்தி எடுக்கோணும். அது பார்க்க கண்ணி மாதிரியே தெரியாது. ஓரத்துல சாய்ஞ்சு கிடக்கும். "அவ்ளோதான், முடிஞ்சுது"ன்னு திருப்பிடுவோம். அங்கதான் ஒண்ணு போகும். 24 வரிசையில 12 போயிருக்குன்னா, பாதி வரிசையில அதை விட்டிருக்கீங்க, மீதியில சரியா எடுத்திருக்கீங்க.

இதுக்கு ஒரே வழி. 3 செயின் போட்ட உடனே மூணாவது செயின்ல ஒரு சேஃப்டி பின் மாட்டிடுங்க. திரும்பி வர்றப்ப பின்னு இருக்கற எடத்துல கண்ணி விழுந்தே ஆகோணும். விழுந்ததும் பின்னைக் கழட்டி அடுத்த ஓரத்துக்கு மாத்துங்க. 20 கண்ணிக்கு ஒரு கலர் நூல் துண்டு தொங்க விட்டா, 90-ஐ மொதல்ல இருந்து எண்ண வேண்டியதில்லை, கடைசி 10-ஐ மட்டும் பார்த்தாப் போதும்.

வரிசை ஆரம்பத்துல 3 செயினுக்கு நேர் கீழ இருக்கற கண்ணியில குத்தாதீங்க, அதுக்கு அடுத்ததுல குத்துங்க. நேர் கீழ குத்தினா ஒண்ணு கூடிப் போகும். ஒரு ஓரத்துல கூடி இன்னொரு ஓரத்துல குறைஞ்சா எண்ணிக்கை சரியாவே காட்டும், ஆனா துணி ஒரு பக்கமா சாஞ்சு போகும். அதையும் பார்த்துக்கோங்க.

பிரிக்கத்தான் வேணுங்க. 90 கடைசியா எந்த வரிசையில இருந்துச்சோ அது வரைக்கும்.

அக்ரிலிக்னு சொன்னதால இன்னொண்ணு: அதுமேல அயர்ன் பாக்ஸ் வெக்காதீங்க. சூடு பட்டா தொவண்டு, பளபளன்னு ஆயிடும், அப்புறம் எத்தனை தொவைச்சாலும் திரும்பாது.

வட்டத்துக்கு உங்க ஆச்சி சொன்னதுதான் எனக்கும் தோணுது. ஊசியை 3 மி.மீ.க்கு மாத்திப் பாருங்க. காட்டன்தானே, முடிச்சதும் தண்ணி தெளிச்சு அயர்ன் பண்ணினா படிஞ்சுடும்னு நினைக்கறேன்.


குமரி கிராஃப்ட் டீச்சர் பதில்:

மக்களே, நான் நாகர்கோவில் பக்கம். 31 வருஷம் பள்ளிக்கூடத்துல கைவேலை டீச்சரா இருந்து ஓய்வு பெற்றவ. ஸ்டோலுக்குக் கோவைக்காரங்க சொன்னது நூத்துக்கு நூறு. வட்டத்துக்கு மட்டும் ஊசியையும் மாத்த வேண்டாம், அயர்னும் வேண்டாம். உங்க கையில இறுக்கமே இல்லை. நீங்க எண்ணினதும் சரி. போட்ட கண்ணிதான் வேற.

எப்படிச் சொல்றேன்னா, நீங்களே துப்பு குடுத்திருக்கீங்க. "3 செயின் காது மாதிரி துருத்துது"ன்னு. சுற்றோட ஆரம்பத்துல போடுற செயின், அந்தச் சுற்றுக் கண்ணியோட உயரத்துக்கு ஏறத்தான். கண்ணியும் 3 செயின் உயரம் இருந்தா, செயின் அதோட தோளுக்குத் தோள் நின்னு அடையாளம் தெரியாமப் போயிடும். துருத்துதுன்னா பக்கத்துல நிக்கிற கண்ணி குட்டை.

ஆச்சி கான்வென்ட்ல கத்துக்கிட்டது இங்கிலாந்து வழக்கம். நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். அந்த வழக்கத்துல "டபுள் குரோஷா"ன்னா ஊசியில நூல் சுத்தாம நேரா குத்தி, இழுத்து, ரெண்டையும் சேர்த்து எடுக்கிற சின்னக் கண்ணி. ஒரு தடவை நூல் சுத்திக் குத்துற நீளக் கண்ணிக்குப் பேரு "ட்ரெபிள்". உங்க கையில இருக்கிறது அமெரிக்க பேட்டர்ன். அவங்க அந்த நீளக் கண்ணியைத்தான் "டபுள் குரோஷா"ங்கிறாங்க. நம்ம சின்னக் கண்ணிக்கு அவங்க வச்ச பேரு "சிங்கிள் குரோஷா". ஒரே பேரு, ரெண்டு நாட்டுல ரெண்டு கண்ணி. நீங்க ஆச்சி சொல்லிக்குடுத்த டபுளைப் போட்டிருக்கீங்க. எத்தனையோ பிள்ளைங்க இதுல மாட்டிக்கிட்டு, "எனக்குக் கைவேலை வராது டீச்சர்"னு நூலை மூட்டை கட்டி வச்சதைப் பார்த்திருக்கேன். அதனாலதான் இவ்வளவு விளக்கமா எழுதுறேன்.

இந்தக் குழப்பம் வேண்டாம்னு வகுப்புல நான் இங்கிலீஷ் பேரே சொல்ல மாட்டேன். குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி. நூல் சுத்தாம குத்தினா குட்டை. ஒரு சுத்து சுத்திக் குத்தி, ரெண்டு ரெண்டா ரெண்டு தடவை எடுத்தா நெட்டை. ஒரு சுத்து சுத்திக் குத்தி, மூணையும் ஒரே இழுப்புல எடுத்தா நடுத்தரம். ரெண்டு சுத்து சுத்தினா நெடுநெட்டை. குட்டைக்கு ஆரம்பச் செயின் 1, நடுத்தரத்துக்கு 2, நெட்டைக்கு 3, நெடுநெட்டைக்கு 4. பேட்டர்ன்ல எந்தப் பேரு போட்டிருந்தாலும், முதல்ல ஆரம்பச் செயின் எத்தனைன்னு பாருங்க. உங்களோடதுல 3. அப்ப அது நெட்டை. சந்தேகமே இல்லை.

இப்ப ஏன் அலை அடிக்குதுன்னு சொல்றேன். இது புரிஞ்சிட்டா இனிமே எந்த வட்டத்துக்கும் பேட்டர்னே வேண்டாம்.

எந்த வட்டமானாலும், நடுவுல இருந்து ஓரத்துக்கு 1 செ.மீ. கூடினா, சுற்றளவு 6 செ.மீ. சொச்சம் கூடும். பள்ளிக்கூடத்துல படிச்ச ரெண்டு பை ஆர்தான். உங்க நூலுக்கும் ஊசிக்கும் நெட்டைக் கண்ணி சுமார் 1 செ.மீ. உயரமும் அரை செ.மீ. அகலமும் வரும். ஒரு சுற்று போட்டா வட்டம் 1 செ.மீ. வளரும், ஓரம் 6 செ.மீ. நீளும். அந்த 6 செ.மீ.ல அரை அரை செ.மீ.யா 12 கண்ணி உட்காரும். அதனாலதான் சுற்றுக்கு 12 கூட்டச் சொல்றாங்க. குட்டைக் கண்ணி உயரமே அரை செ.மீ.தான். ஒரு சுற்று போட்டா ஓரம் 3 செ.மீ. சொச்சம்தான் நீளும். அங்க 6 கண்ணிக்குத்தான் இடம். நீங்க 12 வச்சிட்டீங்க. பந்தியில 6 இலை போடுற இடத்துல 12 பேரை உட்கார வச்சா என்ன ஆகும்? ஒருத்தர் முன்னால நகருவார், ஒருத்தர் பின்னால நகருவார். அதுதான் அந்த ஃப்ரில்.

ஆகக் குட்டைன்னா 6-ல தொடங்கி சுற்றுக்கு 6. நடுத்தரம்னா 8-ல இருந்து 10. நெட்டைன்னா 12. நெடுநெட்டைன்னா 16-ல இருந்து 18. கூடுதலா கூட்டினா அலை அடிக்கும், குறைச்சுக் கூட்டினா கிண்ணம் மாதிரி குழியும். ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை மேஜையில போட்டு உள்ளங்கையால தடவிப் பாருங்க. ஆளுக்கு ஆள் கை வாகு மாறும். சரியான கண்ணியே போட்டும் லேசா அலை தெரிஞ்சா ஒரு சுற்று கூட்டாம பின்னுங்க. லேசா குழிஞ்சா அப்ப ஊசியை அரை நம்பர் பெரிசாக்கலாம். கோவைக்காரங்க சொன்னது அந்த இடத்துக்குப் பொருந்தும்.

இன்னொரு சங்கதி. கூட்டுற கண்ணி ஒவ்வொரு சுற்றுலயும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒரே நேர்ல விழுந்தா வட்டத்துல மூலை தட்டும். குட்டையில போட்டா அறுகோணமே வந்துடும். அதனால ஒரு சுற்றுல "3 ஒத்தை, ஒரு இரட்டை"ன்னு போனா, அடுத்த சுற்றுல "2 ஒத்தை, ஒரு இரட்டை, 2 ஒத்தை"ன்னு தள்ளி வைங்க. மொத்தம் மாறாது, மூலை மறைஞ்சிடும்.

ஆச்சியைக் குறை சொல்லாதீங்க. கைக்குப் பழக்கமான வழக்கத்துல அவங்க சொல்லிக்குடுத்தது அத்தனையும் சரி.


லண்டன் கைநூல் பதில்:

டீச்சர் எழுதினதை வாசிக்க எனக்குக் கண் கலங்கிப் போச்சுது. நான் யாழ்ப்பாணம், இப்ப இஞ்ச லண்டனில இருக்கிறன். கனடாவில இருக்கிற தங்கச்சி தன்ர மகளுக்கு ஒரு கார்டிகன் பின்னச் சொல்லி பேட்டர்ன் அனுப்பினவள். கனடாவில அமெரிக்கப் பேர்தான் புழங்கிறது எண்டு எனக்கு அப்ப தெரியாது. இஞ்சத்தைப் பழக்கத்தில எல்லாம் குட்டைக் கண்ணியாப் போட்டன். அகலம் வந்தது, நீளம் அரைவாசிதான் வந்தது. ஒரு மாச வேலை. பிரிச்சுத்தான் திரும்பப் பின்னினன்.

பேட்டர்ன் எந்த நாடு எண்டு கண்டுபிடிக்க நான் பாக்கிறது இதுதான். "சிங்கிள் குரோஷே" எண்டு ஒரு இடத்திலயாவது இருந்தால் அது அமெரிக்கன். இப்பத்தை இங்கிலாந்துப் பேட்டர்னில அந்தச் சொல் வராது. ஒரு கண்ணியை விடச் சொல்லேக்க "ஸ்கிப்" எண்டால் அமெரிக்கா, "மிஸ்" எண்டால் இங்கிலாந்து. அளவுத் துண்டுக்கு "கேஜ்" எண்டால் அங்க, "டென்ஷன்" எண்டால் இஞ்ச. செயினுக்கும் ஸ்லிப் ஸ்டிச்சுக்கும் (சுற்றை இணைச்சு மூடுற கண்ணி) மட்டும் ரெண்டு இடத்திலயும் ஒரே பேர்.

ஞாபகம் வைக்க ஒரு வழி. இங்கிலாந்துக்காரர் ஊசியில எத்தினை கண்ணி இருக்கு எண்டு எண்ணினம். குட்டைக்கு இழுத்தாப் பிறகு ஊசியில ரெண்டு இருக்கும், அது டபுள். நெட்டைக்கு மூண்டு இருக்கும், அது ட்ரெபிள். அமெரிக்கர் எத்தினை தரம் கழட்டி எடுக்கிறம் எண்டு எண்ணினம். குட்டை ஒரு தரம், சிங்கிள். நெட்டை ரெண்டு தரம், டபுள்.

பேரே பிடிக்கேல்லை எண்டால் படத்தைப் பாத்துப் பின்னுங்கோ. ஜப்பான் புத்தகங்களில எல்லாம் அடையாளம்தான். சின்ன முட்டை வடிவம் செயின், புள்ளி ஸ்லிப் ஸ்டிச், சிலுவை குட்டை. குறுக்க சாய்வுக்கோடு போகாத இங்கிலீஷ் "T" எழுத்து நடுத்தரம். "T"யின்ர உடம்பில ஒரு சாய்வுக்கோடு போட்டிருந்தால் நெட்டை, ரெண்டு கோடு எண்டால் நெடுநெட்டை. கோடு போட்ட கண்ணிக்கு எத்தினை கோடோ அத்தினை தரம் ஊசியில நூல் சுத்திறது. ஜப்பான் மொழியில ஒரு எழுத்தும் தெரியாமல் நான் அதுகளைப் பாத்து ரெண்டு மேசை விரிப்பு முடிச்சிருக்கிறன்.


நெல்லைப் பின்னல்:

டீச்சர்! படிஞ்சிருச்சு!

நேத்து ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பிரிச்சு, நெட்டையிலயே போட்டேன். அஞ்சு சுற்று, 60 கண்ணி. அடுப்படி கல்லு மேல போட்டேன், தோசைக்கல்லுல ஊத்தின மாவு மாதிரி அப்படியே உட்காருது. அளந்தா குறுக்கே பத்தரை செ.மீ. அந்தக் காதும் இல்லை, ஓட்டையும் இல்லை. அந்த 3 செயின் எதுன்னு நானே தேட வேண்டியிருந்துச்சு.

ஆச்சி மடியில கொண்டு போய் வச்சேன். கட்டைவிரலை நடுவுல வச்சுக்கிட்டு ஆள்காட்டி விரலால ஓரத்தை ஒவ்வொரு கண்ணியாத் தடவிக்கிட்டே வந்தா. ஒரு முழுச் சுற்று வந்துட்டு, "இதை சிஸ்டர் ட்ரெபிள்னுலா சொல்லுவா"ன்னா. நான் இத்தனை நாள் அந்தப் பேரை அவகிட்ட கேட்டதே இல்லை. ஸ்டோலுக்கும் எனக்குத் தெரிஞ்சது நீளக் கண்ணின்னுதான்.

கோவை அக்கா, சேஃப்டி பின் மாட்டியாச்சு. மூணாவது வரிசையிலதான் முதல் தப்பு, அது வரைக்கும் பிரிச்சிட்டேன். லண்டன் அக்கா, அந்த அடையாளம் எல்லாம் நோட்டுல வரைஞ்சு வச்சிட்டேன்.

டீச்சர், இன்னும் மூணு கேள்வி, கோவிச்சுக்காதீங்க. கிரீம் நூல் 50 கிராம் உருண்டை மூணுதான் இருக்கு, ஏழு விரிப்புக்குக் காணுமா? கடைசிச் சுற்று மட்டும் மெரூன்ல போடலாம்னு ஆசை. அப்புறம் தாம்பாளத்துல விறைப்பா நிக்க என்ன செய்யணும்? குழந்தை பிறந்த பிறகு இதே வட்டத்தை வச்சுத் தொப்பி போட முடியுமா?


குமரி கிராஃப்ட் டீச்சர்:

கோவம் எதுக்கு? சந்தோஷத்துல ரெண்டு தடவை வாசிச்சேன்.

நூல் கணக்கு. 30 செ.மீ.ன்னா 15 சுற்று. சுற்றுக்கு 12, 24, 36ன்னு 180 வரைக்கும் கூட்டிப் பாருங்க, மொத்தம் 1,440 கண்ணி. 10 சுற்று முடிஞ்சதும் மூணுல ரெண்டு பங்கு ஆச்சுன்னு மனசு சொல்லும். அப்ப போட்டிருக்கிறது 660 கண்ணிதான், பாதி கூட இல்லை. வட்டம் பின்னுறவங்களுக்கு நூல் பத்தாமப் போறது எப்பவும் கடைசி மூணு சுற்றுலதான், காரணம் இதுதான். இப்ப உங்க கையில இருக்கிற 5 சுற்றுல 180 கண்ணி. சரியா எட்டுல ஒரு பங்கு. அதை எடை போட்டு எட்டால பெருக்கினா ஒரு விரிப்பு. சமையல் தராசு ஒரு கிராம் முன்னப்பின்ன காட்டும், பெருக்கும்போது தப்பும் பெருகிடும். தங்கம் எடை போடுற தராசுல வச்சுப் பாருங்க. கடைசிச் சுற்றும் 180 கண்ணிதான், அதனால மெரூனுக்கும் அதே எடை. நூல் பத்தாதுன்னு தெரிஞ்சா இப்பவே வாங்குங்க. உருண்டையைச் சுத்தின காகிதத்துல லாட் நம்பர் (ஒரே தடவையில சாயம் போட்ட நூலுக்கான நம்பர்) இருக்கும், அதே நம்பரா பார்த்து வாங்கணும். கிரீம்ல லாட் மாறினா கடையில தெரியாது, தாம்பாளத்துல பக்கத்துல பக்கத்துல வைக்கும்போது தெரியும்.

மெரூன் வைக்கிறதுக்கு முன்னாடி அந்த நூல்ல ஒரு சாண் வெட்டி, நனைச்சு, வெள்ளைக் கைக்குட்டையில மடிச்சு ஒரு ராத்திரி வைங்க. நான் கல்யாணமான புதுசுல எங்க மாமியாருக்கு வெள்ளை மேஜை விரிப்புல சிவப்பு ரோஜா வச்சு, நாலு மாசம் உட்கார்ந்து பின்னினேன். முதல் அலசல்ல ரோஜாவைச் சுத்தி இளஞ்சிவப்பா ஓடிருச்சு. உப்புத் தண்ணி, வினிகர் எல்லாம் பார்த்தேன், போகலை. கைக்குட்டையில சாயம் ஒட்டினா அந்த நூல் வேண்டாம்.

விறைப்புக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. ஒரு டேபிள்ஸ்பூன் ஜவ்வரிசியை ரெண்டு டம்ளர் தண்ணியில ஊற வச்சு, கண்ணாடி மாதிரி கரையுற வரைக்கும் காய்ச்சி, மெல்லிய துணியில வடிகட்டுங்க. கட்டி இருந்தா கண்ணியில வெள்ளைத் திட்டு விழும். விரிப்பைப் பச்சைத் தண்ணியில அலசி, பிழிஞ்சு, வெதுவெதுப்பான கஞ்சியில முக்கி எடுத்து, முறுக்காம துண்டுல வச்சு அமுக்குங்க. சில பேர் சர்க்கரைப் பாகுல முக்குவாங்க, நல்லா விறைக்கும், ஆனா நம்ம ஊர் எறும்புக்கு அது சரிப்படாது.

தெர்மாகோல் அட்டையில 30 செ.மீ. வட்டம் வரைஞ்ச பேப்பரை வச்சு, மேல பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு, அதுமேல விரிப்பைப் போடுங்க. கடிகார முள்ளு மாதிரி 12, 6, 3, 9-ல முதல்ல நாலு குண்டூசி. அப்புறம் அதுங்களுக்கு நடுவுல. ஒரு பக்கத்துல இருந்து வரிசையா குத்திக்கிட்டே போனா கடைசிப் பக்கம் இழுத்துக்கும். துருப்பிடிக்காத ஊசியா பாருங்க, ஈர நூல்ல துருக்கறை பட்டா எடுக்க முடியாது. நிழல்ல, ஃபேனுக்குக் கீழ காயட்டும். விசேஷம் முடிஞ்சதும் அலசிக் கஞ்சியை எடுத்துட்டுத்தான் பீரோவுல வைக்கணும். கஞ்சியோட மடிச்சு வச்சா பூச்சி அரிச்சிடும்.

தொப்பிக்கு வர்றேன். பிறந்த குழந்தைக்குத் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. இருக்கும். பின்னல் நீண்டு குடுக்கும், அதனால தொப்பி 33 இருந்தாப் போதும். 33-ஐ 3.14-ஆல வகுத்தா பத்தரை. உங்க அஞ்சு சுற்று வட்டம் எத்தனைன்னு சொன்னீங்க? அதேதான். அங்கேயே கூட்டுறதை நிறுத்திட்டு, 60 கண்ணியிலயே சுற்றிச் சுற்றிப் பின்னுங்க. ஓரம் தானா கீழ மடங்கி இறங்கும். உச்சியில இருந்து விளிம்பு வரைக்கும் 13, 14 செ.மீ. வந்ததும் முடிச்சிடலாம். அலையும் குழியும் தப்புன்னு சொன்னேன் இல்லையா, தொப்பிக்கு நாம கேட்டு வாங்குறதே அந்தக் குழியைத்தான். நாடா, பொத்தான், பாசி எதுவும் வேண்டாம். நூல் முனையை மூணு திசையில ஊசியால ஓட்டி மறைச்சிடுங்க, குழந்தை விரல்ல சுத்திக்கக் கூடாது. குழந்தை தூங்கும்போது தொப்பியைக் கழட்டிடுங்க. தளர்வான போர்வையும் ஒரு வயசு வரைக்கும் தொட்டில்ல வேண்டாம்னு குழந்தை டாக்டர்கள் சொல்றாங்க, மதினிக்கும் சொல்லி வைங்க.


கோவைக் கொக்கி:

டீச்சர், ஊசி மாத்தச் சொன்னது என்ரது தப்புத்தானுங்க. ஆரம்பச் செயினை வெச்சே கண்ணியைக் கண்டுபிடிக்கலாம்னு இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொல்லலைங்க. பழைய நோட்டுல இருக்கற பேட்டர்னுக்கெல்லாம் பக்கத்துல கு, ந, நென்னு எழுதிட்டு இருக்கறேன்.


நெல்லைப் பின்னல்:

நகைக்கடையில சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவர் தராசுல வச்சுப் பார்த்தாச்சு. அஞ்சு சுற்று 3.1 கிராம். கடைசிச் சுற்று மெரூன், அதுபோக கிரீம் எட்டுல ஏழு பங்கு. ஒரு விரிப்புக்கு 21.7, ஏழுக்கு 151.9 கிராம். என்கிட்ட இருக்கிறது 150! டீச்சர் சொல்லலைன்னா ஏழாவது விரிப்போட பதினாலாவது சுற்றுல நின்னிருப்பேன். சாயங்காலமே கடைக்குப் போனேன். அதே லாட்ல ஒரே ஒரு உருண்டை இருந்துச்சு, வாங்கிட்டேன். மெரூன் நூல் துண்டு கைக்குட்டைக்குள்ள இருக்கு, காலையில பார்த்துட்டுச் சொல்லுதேன்.